உட்கார வைத்தவரே எழுப்ப வேண்டும்

மார்ச் 6

அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். லாரியில் சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்ததில் மூக்கு, காது, சட்டைப் பை எல்லாம் சிமென்ட். தலையில் தண்ணீர் ஊற்றினால் இறுகிவிடுவேன் என்று கூடாரத்தில் கிண்டல் செய்கிறார்கள். ஆற்றுக்குக் குறுக்கே பாலத் தூண்கள் நான் விட்டுப்போன உயரத்திலேயே நிற்கின்றன. நான் இல்லாதபோது யாரோ என் கிரேன் கூண்டில் ஏறி சீட்டைக் கிழித்து வைத்திருக்கிறார்கள். மலை மறைப்பதால் கைபேசி இங்கே வெறும் கடிகாரம். ஆபீஸ் போனில் பேசினால் பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் வழக்கம்போல லாரிக்காரர் கையில் கடிதம் கொடுத்து அனுப்புகிறேன்.

சொல்லாமல் கிளம்பிவிட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய். நடந்ததைக் கேள். நீ கீழே கண்ணாடிக் கடையைத் திறக்கப் போயிருந்தாய். பொடிசு என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஒரு ஷூவை வேறு எங்கோ ஒளித்துவிட்டாள். எங்கே என்று கேட்டதற்குக் கையைக் கடித்தாள். நாலு வயதுப் பல்தான், ஆனாலும் தடம் இன்னும் இருக்கிறது. சரி, ஒரு தடவையாவது உன் சட்டப்படி நடப்போம் என்று தூக்கிக்கொண்டு போய் அந்த மஞ்சள் நாற்காலியில் உட்கார வைத்தேன். "கடிச்சதுக்கு உக்காரு. மணி அடிச்சதும் அப்பா வந்து எழுப்புறேன்" என்று நீ சொல்வது மாதிரியே சொன்னேன். நிமிஷம் வைக்கும் அந்த முட்டை வடிவ மணியைத் திருகி அடுப்பு மேடையில் வைத்தேன்.

என்ன மாயமோ, சிலை மாதிரி உட்கார்ந்துவிட்டாள். ஷூ துணி ஊறவைத்த வாளியில் கிடந்தது. அதை மாட்டும்போது தெருவில் லாரி ஹாரன் அடித்தது. மணி அடிக்கும்வரை நின்றால் மறுபடி வாரைப் பிடிப்பாள், மறுபடி அழுகை, தெருவே வேடிக்கை பார்க்கும். பூனை மாதிரி இறங்கிவிட்டேன். நீ ஒரு பெரியவரின் மூக்கில் ஃபிரேம் பொருத்திக்கொண்டிருந்தாய். கையாட்டினேன், நீ பார்க்கவில்லை.

ஒரு வருடமாக உன் நாற்காலியைக் கேலி செய்தவன் நான். இப்போது ஒப்புக்கொள்கிறேன், அழுகை இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பியது இதுதான் முதல் தடவை.

என் ஒப்பந்தம் ஜூன் கடைசியோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி எஞ்சினியர் தாளை நீட்டுகிறார். யோசிக்கிறேன். பொடிசு என்னைக் கேட்கிறாளா என்று எழுது.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

கையாட்டியதைப் பார்த்தேன். பெரியவரின் மூக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவர முடியவில்லை, அவ்வளவுதான்.

நான் மாடிக்கு வந்தபோது மணி எப்போதோ அடித்து ஓய்ந்திருந்தது. நீ உட்கார வைத்தது எனக்குத் தெரியாது. பாலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து இடுப்பில் தூக்கிக்கொண்டேன். உடம்பைக் கட்டை மாதிரி விறைத்துக்கொண்டாள். ஆனால் அழவில்லை. பாலைக் குடித்தாள். நீ போய்விட்டாய் என்று சொன்னேன், தலையை ஆட்டினாள். பெரியவள் மாதிரி நடந்துகொள்கிறாள் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

நாற்காலியைப் புகழ்ந்திருக்கிறாய். காதில் பூச்சுற்றுகிறாயோ என்று இரண்டு தடவை படித்தேன். உட்கார வைத்தவரே எழுப்ப வேண்டும் என்ற சட்டமே உனக்காகப் போட்டதுதானே. நீ விடுமுறைக்கு வந்த நாளெல்லாம் நான் உட்கார வைப்பேன், மணி அடிக்குமுன் நீ போய் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடிவிடுவாய். நான் ராட்சசி, நீ ரட்சகன். பள்ளிக்கூடத்து மிஸ்ஸிடம் சொல்லிப் புலம்பியபோது அவள்தான் சொன்னாள்: "டைம் அவுட்னா ஒதுக்கி வைக்கிறது இல்லீங்க. உக்கார வெச்சவங்களே போய்க் கையப் பிடிச்சு எழுப்பி, கட்டிக்கணும். அப்பத்தான் அது முடியும். இல்லன்னா புள்ள மனசுல பாதியில நிக்கும்." அதன் பிறகுதான் கண்டிப்பாக இருந்தேன். பொடிசுக்கே அது மனப்பாடம். பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து அதே சட்டத்தைப் பேசுவாள்.

ஆனால் நீ போனதிலிருந்து அவள் சரியில்லை. போன வாரம் டெலிவரிக்கு வைத்திருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துக் கழுவும் தொட்டியில் போட்டாள். உட்கார வைத்தேன். மணி அடித்ததும் போய்க் கையை நீட்டி "முடிஞ்சுதா?" என்றேன். எழுந்து வந்தாள், கட்டிக்கொண்டாள், பிறகு திரும்பிப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். இப்போது எதுவும் செய்யாமலே உட்காருகிறாள். காலையில் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் நாற்காலி. பள்ளியிலிருந்து வந்தால் பையைக் கழற்றாமல் நாற்காலி. முழங்காலில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறாள். என்னடி இது என்றால் "இன்னும் முடியல" என்கிறாள். அவ்வளவுதான் பதில். உன் ரத்தம் அல்லவா, அடத்துக்குக் கேட்க வேண்டுமா.

உன்னைக் கேட்கிறாளா என்றாய். கேட்கவில்லை.

அக்கா


ஏப்ரல் 3

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மதிய இடைவேளையில் படித்தேன். சாப்பிடாமலே கிரேன் மேலே ஏறிவிட்டேன்.

நாலு வயதுப் பிள்ளை விடிந்ததும் தானாகவே போய்த் தண்டனையில் உட்காருகிறது. நீ அதை அடம் என்று எழுதுகிறாய். ஊரார் மூக்குக்கெல்லாம் கண்ணாடி தேய்த்துப் போடுகிறவளுக்குத் தன் கூடத்தில் இருப்பது தெரியவில்லை.

அப்பா நம்மை ஒரு நாளும் கைநீட்டியதில்லை என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் பெருமை. அடிக்கவில்லைதான். பேச மாட்டார். ஒரு தட்டு உடைந்தால் போதும், நாள் கணக்கில் செய்தித்தாளை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தத் தாளின் பின்பக்கத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் எழுத்துக்கூட்டவே கற்றுக்கொண்டேன். அப்பா மாதிரி நான் ஆகவே மாட்டேன் என்று சொன்னவள் நீ. இப்போது அவரையே மஞ்சள் நாற்காலியாகச் செய்து வீட்டுக்குள் போட்டிருக்கிறாய்.

மிஸ் சொன்னாள், சட்டம் போட்டேன் என்றெல்லாம் எழுதாதே. நாற்காலியைத் தூக்கிப் பரணில் போடு. முடியாது என்றால் சொல்லிவிடு. கம்பெனி நடத்தும் விடுதிப் பள்ளி ஒன்று இருக்கிறது. ஐந்து வயதிலிருந்தே எடுத்துக்கொள்வார்களாம். இரண்டு வருடக் கையெழுத்துப் போட்டவர்களின் பிள்ளைகளுக்கு இடம் உண்டு. அங்கே சேர்த்துவிடுகிறேன். உனக்கும் தொல்லை விட்டது.

தம்பி


ஏப்ரல் 17

தம்பிக்கு,

விடுதியில் சேர்ப்பானாம். அவள் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பாமல் போன நாளிலிருந்து இந்தப் பிள்ளையின் சளியும் காய்ச்சலும் என்னோடு. அப்போது அவளுக்கு நடக்கக்கூடத் தெரியாது. வருடத்தில் இரண்டு தடவை விருந்தாளி மாதிரி வந்து தோளில் தூக்கி ஆட்டிவிட்டுப் போகிறவன் எனக்குத் தொல்லை விட்டது என்று எழுதுகிறாய். எழுது. கை உன்னுடையது.

அப்பாவை என் தலையில் கட்டாதே. அவர் எப்போது முடியும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நம்மைத் தின்றது அதுதான். காலையில் கண் விழித்ததும் இன்றைக்குப் பேசுவாரா என்று அவர் முகத்தைப் பார்ப்போமே, ஞாபகமிருக்கிறதா? என் நாற்காலிக்கு முடிவு இருக்கிறது. வயதுக்கு ஒரு நிமிஷம், மணி அடிக்கும், ஆள் வரும். கதவு திறந்திருக்கும், நான் கண்ணெதிரே இருப்பேன். முடியும் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் உட்கார்ந்துவிடும்.

அந்த நாற்காலி எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள். போன வருடம் லென்ஸ் தட்டைக் கவிழ்த்தாள் என்று ஓங்கி ஒன்று வைத்துவிட்டேன். கன்னத்தில் என் விரல்கள் தெரிந்தன. அன்று சாயங்காலமே போய் வாங்கினேன். மணி ஓடும் நேரத்தில் அவள் அடங்குகிறாளோ இல்லையோ, என் கை அடங்கும். அது எனக்காக வாங்கியது.

ஆனாலும் நீ சொன்னபடி பரணில் போட்டேன். பிள்ளைக்கு அப்பன் நீ.

நாற்காலி இருந்த இடத்தில், வெறும் தரையில், அதே மாதிரி முழங்காலில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எழவில்லை. சோற்றை அங்கேயே கொண்டுபோய் ஊட்டினேன். வா, கடைக்குப் போகலாம் என்றேன். பலூன் என்றேன். கல்லுளிமங்கி, வாயையே திறக்கவில்லை. சாயங்காலம் பார்க்கிறேன், தரையெல்லாம் ஈரம். எழுந்து போனால் என்னவோ ஆகிவிடும் என்பதுபோல் உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டு, நான் திட்டுவேனோ என்று நிமிர்ந்து பார்த்தாள்.

திட்டவில்லை. உடம்பைத் துடைத்து, வேறு உடுப்பு மாட்டினேன். மாட்டிய கையோடு திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

உன்னிடம் சண்டை போடத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். இப்போது எனக்கு பயமாக இருக்கிறது.

அக்கா


மே 1

அக்காவுக்கு,

ஆபீஸ் போனில் கூப்பிட்டேனே, நீ அவள் காதில் வைத்தாயா? அவள் மூச்சு மட்டும்தான் கேட்டது. பொடிசு, பொடிசு என்று கத்தினேன். பின்னால் சம்பளத்துக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா மேல் கோபமா என்றேன். அதற்கும் மூச்சுதான். பிறகு நீ வாங்கி, "தலைய ஆட்டுறா, இல்லையாம்" என்றாய். போன் பேச்சில் தலையாட்டினால் எனக்கென்ன தெரியும்.

விடுதி என்று எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. கோபத்தில் எழுதியது. நாற்காலியை இறக்கிக் கொடுத்துவிடு, தரை குளிரும். பிள்ளைகள் எதையும் ஒரு வாரத்தில் மறந்துவிடும் என்று இங்கே மேஸ்திரி சொல்கிறார். அவருக்கு ஆறு பிள்ளைகள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. தோன்ற வைத்துக்கொள்கிறேன்.

உன்னைச் சிரிக்க வைக்க ஒன்று சொல்கிறேன். போன வாரம் எனக்கு மாற்று ஆளாக வருகிறவனுக்குக் காய்ச்சல். எனக்குத் தெரியாது. ஷிஃப்ட் முடிந்தும் மேலேயே உட்கார்ந்திருக்கிறேன். கொக்கியில் தூணுக்கான கம்பிக் கூண்டு தொங்குகிறது. கீழே போல்ட் முடுக்கி முடியவில்லை. வாக்கி டாக்கியில் யாரோ புது மேற்பார்வையாளர், "எறங்கி வாப்பா, சாப்பிடு, நான் சொல்றேன்ல" என்கிறார். நான் இறங்கவில்லை. நீங்க யாருங்க, என் ஆள் வந்து லிவரைப் பிடிக்காம நான் கைய எடுக்க மாட்டேன் என்றேன். சுமை தொங்கும்போது எழுந்தால் கீழே இருப்பவன் கதி என்ன? கடைசியில் அந்தக் காய்ச்சல்காரனையே போர்வையோடு ஏற்றி அனுப்பினார்கள். அவன் ஏணியில் தலையை நீட்டி "வந்துட்டேண்டா, எந்திரி" என்று சொன்ன பிறகுதான் எழுந்தேன். கால் மரத்துப்போய் நிற்க முடியவில்லை. ஊரே சிரித்தது. இப்போது எனக்குப் பட்டப்பெயர் 'பிசின்'.

கையெழுத்துத் தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

தம்பி


மே 8

தம்பிக்கு,

சிரிப்பதற்காக எழுதியிருந்தாய். கடையில் நின்றுகொண்டு படித்தேன். லென்ஸ் தேய்க்கும் மெஷினை நிறுத்திவிட்டு, கடைக்கு வந்த அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு, மாடிக்குப் போனேன். அவள் நாற்காலியில்தான் இருந்தாள். தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். இத்தனை நாளும் எழுந்திரு எழுந்திரு என்றேனே தவிர, இதை நான் கேட்கவே இல்லை.

"உன்ன யாரு இங்க உக்கார வெச்சா?"

"அப்பா."

"எப்போ?"

"அன்னிக்கி. ஷூவ ஒளிச்சு வெச்சேன்ல. கைய கடிச்சேன்ல."

"அது முடிஞ்சு போச்சேம்மா. மணி அடிச்சிடுச்சே."

"அடிச்சுது. அப்பா வரல."

அத்தை எழுப்பட்டுமா என்று கையை நீட்டினேன். என் கையைப் பார்த்தாள். "நீ உக்கார வெக்கலியே அத்தை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாததைச் சொல்லிக் கொடுப்பதுபோலச் சொன்னாள். பிறகு அவளாகவே சொன்னாள்: "நான் எந்திரிச்சுப் போயிட்டா அப்பா வந்து பாப்பாங்க. நாற்காலி காலியா இருக்கும். இன்னும் நல்ல புள்ள ஆகலன்னு திரும்பிப் போயிடுவாங்க."

உன் மார்ச் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். மணி அடித்ததும் அப்பா வந்து எழுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு நான் நாற்காலிக்குப் பாராட்டு வந்ததாக எடுத்துக்கொண்டேன். என் வாழ்நாளில் ஒரு தடவைதான் நீ என் சட்டத்தைக் கேட்டாய். அதையும் பாதிதான் கேட்டாய். மீதிப் பாதியை அவள் அங்கே உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பா எப்போது முடியும் என்று சொன்னதில்லை என்று உனக்கு எழுதினேன். அதே வீட்டில், என் கண்ணெதிரே, அதுதான் நடந்துகொண்டிருந்தது. நான் அதை அடம் என்றேன்.

கையெழுத்துப் போடாதே என்று நான் சொல்லவில்லை. அது உன் பிழைப்பு. போனில் சொன்னால் ஆகாது, கடிதத்தில் படித்துக் காட்டினால் ஆகாது. வந்து, அவள் உயரத்துக்குக் குனிந்து, கையை நீட்டு. பிறகு எங்கே வேண்டுமானாலும் போ.

அக்கா


மே 15

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து மேலே ஏறினால் கீழே பார்க்க முடியவில்லை.

ஹாரன் அடித்ததால் போனேன் என்று எழுதியிருந்தேன். லாரி இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அவள் அழுகையை நான் கேட்கக் கூடாது என்று போனேன். அந்த முகத்தைப் பார்த்தால் லாரியில் ஏறியிருக்க மாட்டேன். அவளுக்காகச் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். லாரியில் விசில்கூட அடித்தேன் அக்கா.

ஐந்தாம் தூணுக்கு கான்கிரீட் ஊற்றி முடிக்காமல் விடமாட்டேன் என்கிறார் எஞ்சினியர். காய்ச்சல்காரன்தான் "நீ போ பிசினு, உன் ஷிஃப்டையும் சேத்து நானே ஓட்டுறேன்" என்றான். இருபத்திரண்டாம் தேதி லாரியில் வருகிறேன்.

அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. திடீரென்று போய் நின்று சிரிக்க வைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். வேண்டாம். அவளிடம் சொல்லாமல் செய்தது போதும்.

தம்பி


ஜூன் 1

அக்காவுக்கு,

வந்து சேர்ந்தேன். மேலே என்ன நடந்தது என்று நான் இருந்த மூன்று நாளும் நீ கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் அப்போது எனக்கு வாய் வந்திருக்காது. கடைக்குள் நுழைந்தபோது நீ எழுந்திருக்காமல் ஸ்க்ரூ டிரைவரால் மாடிப்படியைக் காட்டினாயே, அதற்கே என் கண் நிறைந்துவிட்டது. இப்போது எழுதுகிறேன்.

நாற்காலியில் இருந்தாள். தலை வாரி, சுத்தமாக. நீ சொல்லி வைத்திருந்ததால் திடுக்கிடவில்லை. சிரிக்கவும் இல்லை. இளைத்திருக்கிறாள். நான் பையை வாசலிலேயே போட்டுவிட்டு முட்டி போட்டு, "முடிஞ்சுது, வா" என்று கையை நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை.

"மணி அடிக்கணும்" என்றாள்.

சமையலறையில் போய் அந்த முட்டையை எடுத்துத் திருகிக்கொண்டு வந்தேன். அவளுக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தேன். இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது டிக் டிக் என்று ஓடும்போது நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசக் கூடாது என்பதும் உன் சட்டம்தானே. நாலு நிமிஷம் இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. நான் அன்று ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

மணி அடித்தது. கையை நீட்டினேன். "முடிஞ்சுதா?" என்றேன்.

"கடிச்சது தப்பு" என்றாள். பிறகு என் கையில் அந்த இடத்தைத் தேடிப் பார்த்தாள். தடம் எப்போதோ மறைந்துவிட்டது. "நீங்க போனது?" என்றாள்.

"தப்பு. அப்பா செஞ்சது பெரிய தப்பு."

அப்போதுதான் கையைப் பிடித்தாள். எழுந்து நின்றாள். நின்றதும் அழுதாள். நீ கீழே கேட்டிருப்பாய், பக்கத்துக் கடை வரைக்கும் கேட்டிருக்கும். மார்ச்சில் நான் கேட்காமல் ஓடிய அழுகை முழுவதும் அவளிடம் அப்படியே இருந்தது. சமாதானம் சொல்லவில்லை. சத்தம் குறையும்வரை பிடித்துக்கொண்டே நின்றேன். நானும் அழுதேன்.

கிளம்பிய அன்று நீ வாசலில் நின்று பார்த்தாய். வாரைப் பிடித்துக்கொண்டாள், உருண்டாள், தெருவே வேடிக்கை பார்த்தது. லாரிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு பீடி பற்ற வைத்துக்கொண்டார். நான் அவள் விரலைப் பிரிக்கவில்லை. அவளாகவே வாரை விட்டாள். விட்டுவிட்டு உன் சேலையில் மூக்கைத் துடைத்தாள். அதுவரை நான் நின்றேன்.

தாள் இன்னும் பெட்டியில் இருக்கிறது. பதினைந்தாம் தேதிக்குள் சொல்ல வேண்டுமாம்.

தம்பி


ஜூன் 8

தம்பிக்கு,

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். காலையில் பல் தேய்க்கச் சொன்னால் வீடு முழுக்க ஓடுகிறாள், நான் துரத்த வேண்டியிருக்கிறது. எனக்கு மூச்சு வாங்குகிறது. வாங்கட்டும்.

நாற்காலியைத் தூக்கி எறியவில்லை. எறிந்துவிடலாமா என்று கையில் எடுத்தேன். நேற்று அவள் டப்பாவிலிருந்த குட்டி ஸ்க்ரூக்களை ஜன்னல் வழியாகத் தெருவில் தூவினாள். கடைக்கு வருபவர்களின் கண்ணாடியெல்லாம் இனி காது இல்லாமல் நிற்கும். எனக்குக் கை பரபரத்தது. உட்கார வைத்தேன். மணி அடிக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நானும் நகரவில்லை. போய் எழுப்பினேன், கட்டிக்கொண்டாள், அடுத்த நிமிஷம் பொம்மையைத் தேடி ஓடிவிட்டாள். நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது வெறும் நாற்காலியாகிவிட்டது.

வேறொன்று சொல்லத்தான் எழுதுகிறேன். இன்று சோறு ஊட்டும்போது கேட்டாள்.

"அப்பா இப்ப என்ன செய்றாங்க?"

"கிரேன்ல உக்காந்திருப்பாங்க. ஒசரத்துல."

"கூட யாரு?"

"யாரும் இல்லம்மா. அங்க ஒருத்தர்தான் உக்கார முடியும்."

மென்று விழுங்கினாள். "அப்பாவ யாரு உக்கார வெச்சா?" என்றாள்.

வேலை என்று சொல்லியிருக்கலாம், எஞ்சினியர் என்று சொல்லியிருக்கலாம். அடுத்த உருண்டையைப் பிசைந்தேன். அதை வாங்காமல் அவளே கேட்டாள்: "உக்கார வெச்சவங்க மறந்துட்டாங்களா அத்தை?"

அப்பாவுக்கு எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கையெழுத்தைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன் என்று முன்பே எழுதிவிட்டேன், அந்த வார்த்தையில் இருக்கிறேன். ஆனால் இதற்கு நீ பதில் எழுத வேண்டும். நாளைக்கும் கேட்பாள்.

அக்கா


ஜூன் 14

அக்காவுக்கு,

யாரும் உட்கார வைக்கவில்லை என்று சொல். அப்பா தானாகவே போய் உட்கார்ந்தது. அவள் அம்மா இல்லாத வீட்டில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல், யாரும் எதுவும் கேட்க முடியாத உயரம் பார்த்து ஏறிவிட்டேன். அதை வேலை என்று சொல்லிக்கொண்டேன். பிள்ளைக்குப் புரிகிற மாதிரி நீ பார்த்துச் சொல்.

நானாக உட்கார்ந்ததால் எழுப்ப வேறு யாரும் வரமாட்டார்கள் என்பது இத்தனை நாள் எனக்கு உறைக்கவில்லை.

தாளைக் கையெழுத்து இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எஞ்சினியர் பைத்தியமா என்றார். காய்ச்சல்காரன் மட்டும் ஒன்றும் கேட்காமல் லிவரில் கை வைத்து, "வந்துட்டேன், எந்திரி" என்றான். வீட்டுப் பக்கம் உயரக் கட்டடங்கள் கட்டுகிறார்கள், கிரேனுக்கு ஆள் தேவைப்படும். தேவைப்படாவிட்டால் உன் கடையில் தரை துடைக்கிறேன்.

ஜூன் கடைசி லாரியில் வருகிறேன். அன்றைக்கு அவளை வாசலில் நிறுத்தி வைக்காதே. எந்த இடத்திலும் உட்கார வைக்காதே. விளையாடிக்கொண்டிருக்கட்டும், நான் வருவதைக் கவனிக்காவிட்டாலும் பரவாயில்லை. நானே படியேறி அவளிடம் போகிறேன்.

தம்பி